பதினாலு கிராம்

லப்பைக்குடிக்காடு
12.6.2005

அன்புள்ள மணிமொழி,

நலம்தானே? எம்.எஸ்சி. முடித்துப் பிரிந்ததிலிருந்து நான்தான் எழுதுகிறேன். நீ போனில் சிரித்தே சமாளிக்கிறாய்.

இத்துடன் வரும் பொட்டலத்தில் இருக்கும் கறுப்புப் பொடி, எங்கள் ஊர் நிக்காஹ் பந்தல்களில் குடித்து வீசிய பிளாஸ்டிக் கலர் பாட்டில்கள். கழுவி, நறுக்கி, காற்றுப் புகாத இரும்புக் குழாயில் கரியாக்கி, பொட்டாஷ் காரம் சேர்த்து மறுபடி சுட்டேன். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடி. கரியமில வாயு அவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் என் ஆராய்ச்சி. சோதிக்க இங்கே வசதியில்லை. நீ வேலை பார்க்கும் சிமெண்ட் ஆலைப் புகைபோக்கியில்தான் அந்த வாயு ராப்பகலாகப் போகிறதே. உங்கள் லேப் சார் விடுவாரா?

"குப்பை பொறுக்கவா டாக்டர் பட்டம்?" என்கிறார் மாமியார்.

உன் மர்ஜியா


அரியலூர்
3.7.2005

அடி மர்ஜியா,

சார் விட்டார். கரியை உலர்த்தி எடைபோட்டு, புகைபோக்கி வாயுவை அதன் வழியே செலுத்தி, மறுபடி எடைபோட்டேன். நூறு கிராமுக்குப் பதினாலு கிராம் கூடியிருக்கிறது! மூன்று தடவையும் அப்படித்தான். கூட வேலை செய்யும் கண்ணையன் அண்ணன், "ஏம்மா, இந்தக் கரிக்கு என்னா பசி!" என்றார்.

ஆனந்தத்துடன்,
மணி


லப்பைக்குடிக்காடு
21.8.2005

மணி,

உன் கணக்கை என் பேராசிரியர் சென்னைக் கருத்தரங்குக்கு அனுப்பிவிட்டார். செப்டம்பர் 23 அன்று நான் பேச வேண்டும்.

ஷார்ஜாவிலிருந்து என் வீட்டுக்காரர் பேசினார். விசா வந்துவிட்டது, கிளம்பு என்று சொல்லத்தான் கூப்பிட்டார். பதினாலு கிராம் என்றதும் மறுபடி சொல்லச் சொன்னார். "சரி, பட்டத்தை முடிச்சிட்டே வா. அத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். எனக்காக அவர் தன் தகப்பனாரிடம் பேசுவது இதுதான் முதல் தடவை. தொழும்போதெல்லாம் உனக்கு என் துஆ உண்டு.

மர்ஜியா


அரியலூர்
15.9.2005

மர்ஜியா,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. வாயுவை முதலில் ஈரம் உறிஞ்சும் உப்புக் குழாய் வழியாக விட்டிருக்க வேண்டும். அன்று உப்பு தீர்ந்திருந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். நேற்றுப் புது உப்பு வந்தது. மனசு கேட்காமல் மிச்சமிருந்த கரியை மறுபடி சோதித்தேன். நாலு கிராம்தான். மீதிப் பத்தும் தண்ணீர்.

தப்பு என்னுடையது. உன் பேராசிரியருக்கு நானே எழுதட்டுமா?

மணிமொழி


அரியலூர்
2.10.2005

மர்ஜியா,

கருத்தரங்கு முடிந்திருக்கும். போன் செய்தால் உன் மாமியார், "அவ இல்லம்மா" என்கிறார். பின்னால் உன் குரல் கேட்டது. திட்டியாவது எழுது.

மணி


லப்பைக்குடிக்காடு
9.10.2005

மணி,

நீ கேட்டது என் குரல்தான்.

நான் சென்னைக்குக் கிளம்பும் முன்பே உன் கடிதம் வந்துவிட்டது. திரும்பி வந்துதான் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியும் என்று பையில் வைத்துக்கொண்டு போனேன். மேடையில் பதினாலு என்ற எண் திரையில் விழுந்தது. "இது தப்பு, நாலுதான்" என்றேன். பேராசிரியர் எழுந்து வெளியே போய்விட்டார். "சோதனை செஞ்சது யாரு?" என்று யாரோ கேட்டார்கள். "நாங்க ரெண்டு பேரும்" என்றேன். ஈரத்தைப் பற்றி நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பதினாலு பிடித்திருந்தது. அதனால் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "நாலுக்காகவா அங்கயே உக்காந்திருக்கே?" என்றார். "ஆமாங்க" என்றேன். அதன்பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. சோதனையைச் சரியாகச் செய்து காட்டப் பேராசிரியர் ஆறு மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்.

உன்மேல் கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் இன்னும் அதிக நேரம் சுட்டால் துளை கூடுமா என்று உன்னைவிட்டால் நான் யாரிடம் கேட்பேன்? சனிக்கிழமை காலை பஸ்ஸில் புதுக் கரியோடு வருகிறேன். உப்புக் குழாயை நீ மாட்டு. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

மர்ஜியா