பதினான்காம் எண் வண்டியில் யாரும் ஏறவில்லை

அன்புத் தோழி மொரீனுக்கு,

லொரெய்ன் எழுதுவது. முட்டி வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் நலம். கோபம்தான் கொஞ்சம் அதிகம். நீ என் போனை எடுப்பதில்லை. அதனால், இடைநீக்கம் ஆனதும் நீ போய் உட்கார்ந்திருக்கும் வின்னிபெக்குக்கு லாரியில் வரும் என் தம்பி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீயாகவே வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்தால் நற்சான்றிதழ் தருகிறோம் என்று மேலாளர் உனக்குத் தாள் அனுப்பியிருக்கிறாராம். வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். உன் மகள் சொன்னாள். ஏண்டி, இருபத்திரண்டு வருஷம் இந்த ஊர்த் தெருவில் பனி தள்ளியவளுக்கு ஒரு தாளைக் குப்பையில் தள்ளத் தெரியாதா?

நம் தொழிற்சங்கத்து அறிவிப்புப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். சுவருக்கு வண்ணம் பூசவாம், அதுவும் பிப்ரவரியில்! நான் செய்திகளை அட்டையில் எழுதி, ஆரஞ்சு மேல்சட்டையின் முதுகில் குத்திக்கொண்டு திரிகிறேன். காபி வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கத்தான் இப்போது போட்டி. இப்பத்தான் உன் முதுகு ஒரு வேலைக்கு ஆகுது என்று கிளென் கேலி பண்ணினான். மேற்பார்வையாளர் கார்ட்னர் அதைக் கழற்றச் சொன்னார். என் முதுகு நகராட்சி சொத்து இல்லைங்க என்றேன்.

பிரேக் சரியில்லை என்று நீ ஏற மறுத்த பதினான்காம் எண் பனி தள்ளும் வண்டி இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறது. அதை இன்னொருவரிடம் கொடுத்தால், உனக்கு முன்னால் இன்னார் இன்ன காரணத்துக்காக மறுத்தார் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும், சட்டம் அப்படி. உன்னை இடைநீக்கம் செய்த அதே கார்ட்னர், தினமும் காலையில் பிரேக் சரியில்லைன்னு மொரீன் சொன்னாங்க என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. பணிமூப்புப்படி பதினெட்டுப் பேரிடம் சொன்னார். பதினெட்டுப் பேரும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நம் சங்கத்தையே பிடிக்காத வெய்ன்கூட!

நேற்று பத்தொன்பதாவதாக, கடைசி ஆள் ஓலெக்கின் முறை. உக்ரைனிலிருந்து வந்தவன், தகுதிகாண் காலம் முடிய ஒன்பதே நாள், அதுவரை அவனை எளிதாக வேலையை விட்டு அனுப்பிவிடலாம். மறுத்துவிடு என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாவியை வாங்கி ஏறிவிட்டான். வளாகத்துக்குள்ளேயே பத்தடி ஓட்டி, பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கினான். அவங்க சொன்னது சரிதான் சார், பள்ளிக்கூடத்து மேட்டுல இது நிக்காது, என் பொண்ணு அங்கதான் படிக்குது என்று சாவியை நீட்டினான்.

இன்று காலை ஓலெக்கை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை விசாரணையில் உன் புகாரோடு அவன் புகாரையும் சேர்த்திருக்கிறோம். அந்த விலகல் தாளில் நீ கையெழுத்துப் போட்டால் உன் புகார் செத்துப்போகும், வண்டியில் குறையே இல்லை என்று ஆகிவிடும். அவன் சும்மா முரண்டு பிடித்தவனாகிவிடுவான். உனக்குக் களைப்பாக இருக்கிறது, தெரியும். எனக்கும்தான். ஆனாலும் விடமாட்டேன்.

இன்றைய அட்டையில், திங்கட்கிழமை மொரீன் வருகிறாள் என்று எழுதிக் குத்தியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் எழுதியது தப்புதான், வந்து திட்டு. ஓலெக் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, என் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டுத்தான் போனான்.

நெடுஞ்சாலை வழுக்கும், பார்த்து வா. நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும், மொரீன்.

உன் வரவை முதுகில் சுமந்து நிற்கும்,
லொரெய்ன்