ராஜாவுக்கும் நாய்க்கும் ஒரே வால்

பிப்ரவரி 11

முழங்கால் வலி. ஆனாலும் பொதுக் குளியல் கூடத்துக்குப் போனேன், கில்-ரே வருவாள் என்று. குன்சான் சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருப்பவள். என்னைவிட இரண்டு வயது இளையவள், அறுபத்து மூன்று. உயர்நிலைப் பள்ளிக்குச் சமமான அரசுத் தேர்வில் மற்ற பாடங்களெல்லாம் தேறிவிட்டாள். ஆங்கிலம் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது.

என் முதுகைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, ஏப்ரல்தான் கடைசி. இதுலயும் போச்சுன்னா புத்தகத்தையெல்லாம் கட்டிப் போட்டுட்டுக் கடையைப் பார்க்கறேன்னு எங்க வீட்டு மனுஷன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

"பாஸாயிட்டா?"

"காலேஜ். சமையல் படிப்பு. ஆமா, என்ன இவ்வளவு அழுக்கு? ஸ்கூல்லேர்ந்து ரிட்டயர் ஆன அன்னிக்குத் தேய்ச்சதா?"

தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. போதும். போத வைக்க வேண்டும்.

பிப்ரவரி 14

எங்கே இடறுகிறாள் என்று பிடித்துவிட்டேன். ஒருமை, பன்மை. அவள் தப்பில்லை. நம் கொரிய வினைச்சொல் ஒருவர் வந்தாலும் பத்துப் பேர் வந்தாலும் அலட்டிக்கொள்ளாது. வந்தது தாத்தாவா, நாய்க்குட்டியா என்றுதான் பார்க்கும். ஆங்கிலம் நேர்மாறு. ஆளைப் பார்க்காது, தலையை எண்ணும்.

கிங் ஈட்ஸ், டாக் ஈட்ஸ் என்று எழுதினேன். கீழே கிங்ஸ் ஈட், டாக்ஸ் ஈட்.

"ராஜாவுக்கும் நாய்க்கும் ஒரே வாலா? மரியாதை கெட்ட பாஷை!"

"ஒண்டியா சாப்பிடறவனுக்குத் துணைக்கு ஒரு 'ஸ்'. கூட்டம் சேர்ந்துட்டா வினைச்சொல்லுக்கு அது தேவையில்ல."

கொஞ்சம் யோசித்தாள். "பாவம், தனியா சாப்பிடறவன். குடுக்கலாம்," என்றாள். அதற்குப் பிறகு ஒரு வால்கூட விடுபடவில்லை.

நானும் நீயும், அதாவது 'ஐ'யும் 'யூ'வும், தனியாக இருந்தாலும் வால் கிடையாது என்பதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். இன்று சந்தோஷமாக வீட்டுக்குப் போகட்டும்.

மார்ச் 6

நீளமான வாக்கியம் என்றால் மறுபடி சறுக்கல்.

மார்ச் 9

கடைக்கே போய்விட்டேன். வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் எந்தப் பெயர் நிற்கிறதோ அதைப் பார்த்து ஏமாந்துவிடுகிறாள். சரியாக அந்த நேரம் அவள் கணவர் தல்-சு, சோயாவில் ஊறப்போடுவதற்கான நண்டுத் தொட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். கடவுளே அனுப்பிய உதாரணம். நண்டுகளோடு வரும் மனிதர் கோபமாக இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் எழுதி, நடுவில் இடம் விட்டேன்: த மேன் வித் த க்ராப்ஸ், அப்புறம் இஸ்ஸா ஆரா?

"ஆர். நண்டு நிறைய இருக்கே."

"கோபமா இருக்கறது யாரு? நண்டா, மனுஷனா?"

"ரெண்டும்தான் அக்கா, மூஞ்சியைப் பாரு!"

தல்-சு தொட்டியைத் தொப்பென்று வைத்தார். "டீச்சரம்மா, இந்த வயசுல இவ இங்கிலீஷ் படிச்சு எந்த வெள்ளைக்காரனுக்கு முள்ளங்கி விக்கப்போறா? வேற வேலை இல்ல இவளுக்கு."

கில்-ரே மிளகாய்ச் சிவப்பு ஏறிய கட்டைவிரலை 'வித் த க்ராப்ஸ்' மேல் வைத்து அழுத்தி மூடினாள்.

"நண்டை மூடிட்டா மிச்சம் இந்த மனுஷன் மட்டும்தான். இஸ்."

இத்தனை வருடம் வகுப்பெடுத்தவள் நான். விரலால் மூடச் சொல்லலாம் என்று ஏன் தோன்றவில்லை?

மார்ச் 27

மாதிரித் தேர்வில் தேறவில்லை. கடைசிப் பக்கத்தைத் தொடவே இல்லை. "மண்டை முழுக்க முட்டைக்கோஸ்தான் இருக்கு, விடு அக்கா" என்கிறாள். விடறதா? நான்தான் தப்பாச் சொல்லிக்குடுக்கறேனோ — இல்லை. எல்லாம் அவளுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் மூடி மூடிப் பார்ப்பதில்தான் நேரம் போய்விடுகிறது. விரல் செய்வதைக் கண் செய்யப் பழக வேண்டும். அவ்வளவுதான்.

நாளையிலிருந்து விடிகாலையில், கடை திறப்பதற்கு முன். முழங்கால் என்ன சொன்னாலும் சரி.

ஏப்ரல் 5

தேர்வு நாள். விடைத்தாளில் பதில் பசையாய் ஒட்டிக்கொள்ளட்டும் என்று பிசுபிசுக்கும் அரிசி மிட்டாய் வாங்கிக்கொண்டு அவளை அழைக்கப் போனேன். கதவைத் திறந்ததும் வாசனை.

கடற்பாசி சூப்.

வழுவழுவென்று இருக்கும் அதைத் தேர்வு நாளில் வீட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். குடித்தால் தேர்வில் வழுக்கி விழுவார்கள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அடுப்பருகே கரண்டியோடு தல்-சு. கில்-ரே சிவந்துபோய் நின்றாள்.

"பாரு அக்கா! அடுப்பே பத்த வைக்கத் தெரியாத மனுஷன் இன்னிக்குப் பார்த்து எழுந்து சூப் வச்சிருக்கான்! நான் வழுக்கி விழணும்னுதானே? கடையிலேயே கிடக்கணும்னுதானே?"

அவர் சுவர் நாட்காட்டியைக் கரண்டியால் காட்டினார். தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் சந்திர மாதக் கணக்கு. இருவரும் குனிந்து பார்த்தோம். அந்தக் கணக்கில் இன்று அவளுடைய பிறந்தநாள். பிறந்தநாள் காலையில் கடற்பாசி சூப் இல்லாத வீடு உண்டா? அவளே மறந்திருந்தாள்.

"பரீட்சைக்கு ஆகாதுன்னு எனக்கு ஞாபகமே வரல," என்றார். "நான் எந்தப் பரீட்சை எழுதினேன், ஞாபகம் இருக்கறதுக்கு?"

கில்-ரே அவரையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்து கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள்.

"கில்-ரே, ஒரு வாய் போதும்டி."

"எதுக்கு? படிச்சது வயித்துலயா இருக்கு, வழுக்கறதுக்கு?" சோற்றைக் கொட்டிக் கலந்து கடைசிச் சொட்டு வரை குடித்தாள். "உப்பு ஜாஸ்தி," என்று அவரிடம் சொல்லிவிட்டு என் மிட்டாயையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

தேர்வுக்கூட வாசலில் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். சிவப்பு இன்னும் போகவில்லை.

மே 9

மதியம் முடிவு. துடைத்த தரையையே துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு, மார்ச் 5

இன்றைக்கும் காற்றில் குளிர். சந்தைக்குப் போனேன். கடையில் தல்-சு தனியாக, கில்-ரேயின் பூப்போட்ட முன்துணியைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கீரைத் தொடுகறி கேட்டேன். அவர் அள்ளிப் போடுகையில், பக்கத்திலிருந்த வாடிக்கைக்காரி கேட்டாள்: "வீட்டம்மா எங்கே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

தேவைக்கு அதிகமாகவே உரக்கச் சொன்னார்: "காலேஜுக்குப் போயிருக்காங்க. சாயங்காலம்தான் வருவாங்க."

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். உப்பு ஜாஸ்தி.