வர்ஷினிக்கு எந்த இனிஷியல்

கீதா,

குக்கர் கைப்பிடியை உடைத்தது நான்தான். உடைந்த இடம் தரணீதரனின் நெற்றி.

வர்ஷினியின் இனிஷியலை என் பேருக்கு மாற்ற, பெற்ற தகப்பன் தரணீதரன் கையெழுத்து வேண்டுமே. காபி கொடுத்துப் பேசினால் போட்டுவிடுவார் என்று நானே போன் செய்து வரவழைத்தேன். என் மூளை உனக்குத் தெரியாததா? நீ கம்பெனிக்குப் போன பிறகு வந்தார். "எம்பட புள்ளைக்கு உம்பட பேராடா?" என்று கழுத்தை நெரித்து, என் முகத்தைச் சுவரில் மோதினார். முன்பல் இரண்டு போயிற்று. எந்நேரமும் பல்லைக் காட்டாதே என்பாயே, இனிக் காட்ட அதிகமில்லை. கையில் சிக்கிய குக்கரால் அடித்தேன். விழுந்துவிட்டார். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். விழுந்தவரை மேலும் இரண்டு அடி அடித்தேன்.

இப்போது தலையில் உன் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து என்னை வைதுகொண்டிருக்கிறார். என் மொபெட்டில்தான் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பின்னாலிருந்து மறுபடியும் கழுத்தைப் பிடிக்காமல் இருக்க வேண்டும்.

சோறு அரைவேக்காடு, மெஸ்ஸில் வாங்கிக்கொள். சாவி மேல்வீட்டு மருதாளக்காவிடம். வர்ஷினியும் அங்கேதான். சுவரில் இருக்கும் ரத்தத்தை நான் வந்து கழுவுகிறேன், நீ தொடாதே.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். மேலே அனுப்பும்போது வர்ஷினியிடம், "கண்ணு, நீயே சொல்லு, யாரு இனிஷியல் வேணும்?" என்று கேட்டேன். இத்தனை மாதமாக "உங்க இஷ்டமுங்க" என்றே சொல்லிவந்தவள், இன்று என் கையைப் பார்த்தபடி சொன்னாள்: "அந்தப்பா அடிக்கறாருன்னுதானுங்க நானும் அம்மாவும் அங்கிருந்து வந்தோம். இன்னைக்கு நீங்களும் அடிச்சுட்டீங்க. எனக்கு அம்மா இனிஷியலே போடுங்க."