காலமானவரின் கையெழுத்து

உ
சிப்பிவிளை
12.6.1973

மரியாதைக்குரிய அத்தானுக்கு, மாடத்தி எழுதிக்கொண்டது.

ஏழு வருஷத்துக்குப் பிறகு பெண்டாட்டி கடுதாசி போடுகிறாளே, யாரும் செத்துப்போனார்களோ என்று பயப்படவேண்டாம். செத்துப்போனது நீங்கள்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இங்கே வாந்திபேதி. தேசம் தேசமாகப் பரவி வந்த காலராவாம், ரேடியோவில் சொன்னார்களாம். கீழத்தெருவில் நாலு பேர் போய்விட்டார்கள். அறுபது தாண்டித் தனியாக இருக்கிறவர்கள் கிணற்றுக்கும் கடைக்கும் போகவேண்டாம் என்று பஞ்சாயத்தில் முடிவு பண்ணி, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு குடமும் கஞ்சியும் தினமும் வாசலுக்கே அனுப்புகிறார்கள். நல்ல காரியம், குறை சொல்லமாட்டேன். கஞ்சியில் உப்புதான் ஒரு நாளும் சரியாக இருந்ததில்லை.

பேர் எழுதப் பஞ்சாயத்து ரைட்டர் அருமைநாயகம் வந்தான். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நடையேறாமல் தெருவிலேயே நின்று, "ஆச்சி, வீட்டுக்காரரு பேரு என்ன?" என்றான். நான் எந்தக் காலத்தில் உங்கள் பேரைச் சொல்லியிருக்கிறேன்? கோயிலில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்கள்தானே சொல்வார்கள். திருச்செந்தூர் இருக்கிற திக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, "அங்கன இருக்குத சாமி" என்றேன். சாமி பேர்தான் உங்கள் பேர் என்று விளங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "போயி எத்தன வருசமாச்சு?" என்றான். வீட்டை விட்டுப் போனதைக் கேட்கிறான் என்று நினைத்து, "ஏழு வருசமாச்சு" என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் கஞ்சிக்கும் தண்ணீருக்கும் உரிய சீட்டு வந்தது. நேற்றுத்தான் கண்ணாடியைப் போட்டுப் படித்தேன். "சுடலைமாடத்தி, வயது 66, விதவை, ஆதரவற்றவர்." தாலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாலு நாள் அந்தச் சீட்டுக்குக் கஞ்சி வாங்கிக் குடித்திருக்கிறேனே, ஐயோ!

என் தங்கை மகள் கல்யாணத்தில் நீங்கள் இலைக்கட்டு எடுத்துவர மறந்து நின்றபோது, பந்தியில் அத்தனை பேர் முன்னால், "நீங்க இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டாலும் ஒண்ணு" என்று சொன்னவள் நான்தான். அந்தச் சொல் பொறுக்காமல்தான் நீங்கள் திருச்செந்தூர் லாட்ஜு வேலைக்குப் போனீர்கள். இப்போது பஞ்சாயத்தே அதை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை அத்தான். உயிரோடு இருக்கிறேன் என்று உங்கள் கையால் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அதைக் காட்டினால் ரைட்டர் திருத்திவிடுவான் என்று ஊசி போட வரும் நர்ஸு ஆக்னஸ் சொன்னாள்.

மேல்விலாசத்தில் உங்கள் பேரை, உங்கள் பழைய டிரங்குப் பெட்டியில் எழுதியிருந்ததைப் பார்த்து, அவள்தான் எழுதினாள்.

உங்கள் சுகத்தைக் கேட்டுக்கொண்டு,
மாடத்தி


திருச்செந்தூர்
19.6.1973

மாடத்திக்கு, காலஞ்சென்ற சிவசுப்பிரமணியன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இந்த வயிற்றை வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாதுதான், ஆனாலும் சிரித்தேன்.

சீட்டை மாற்றாதே. புருஷன் இருக்கிறான் என்று தெரிந்தால் உன் பேரை எடுத்துவிடுவார்கள். பிறகு தண்ணீர் யார் கொண்டுவருவார்? நீ குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரே கைவைக்கிற கிணற்றுக்குப் போய் நிற்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? காகிதத்தில் நான் இருந்தால் என்ன, போனால் என்ன? ஏழு வருஷமாக உனக்கு ஒரு வாளித் தண்ணீர் இறைத்துக் கொடுக்காதவன், இப்போது கையெழுத்துப் போட்டு, கிடைக்கிற கஞ்சியையும் கெடுக்கவா? உப்பு குறைந்தால் போட்டுக் குடி. ஈ உட்கார்ந்ததைத் தின்னாதே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

ஊசி போட்ட சீட்டு இல்லாமல் வருகிற யாத்ரீகர்களை ஊர் எல்லையிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். லாட்ஜில் அறையெல்லாம் காலி, அதனால் எனக்கு ஓய்வுதான். கொஞ்சம் இளைத்திருக்கிறேன், வேறொன்றும் இல்லை.

அந்தப் பந்திப் பேச்சை நான் மறந்து எவ்வளவோ நாளாயிற்று. நீயும் மறந்துவிடு.

சிவசுப்பிரமணியன்


உ
சிப்பிவிளை
25.6.1973

அத்தானுக்கு,

நீங்கள் ஒன்றும் மறக்கவில்லை. மறந்த மனுஷர் எதற்கு "இருந்தால் என்ன, போனால் என்ன" என்று எழுதுகிறார்? நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்கிறீர்கள். சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் சீட்டு விஷயத்தில் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டேன். பஞ்சாயத்து ஆபீஸுக்கே போனேன். "ஏலே அருமைநாயகம், எங்க வீட்டுக்காரரு குத்துக்கல்லு மாதிரி இருக்காரு, நீ எப்படிலே அவரக் கொல்லலாம்?" என்று கேட்டேன். அவன் பதறிப்போய், "நீங்கதான ஆச்சி மேல பாத்துக் கும்பிட்டிய! சரி, பேரச் சொல்லுங்க" என்றான். ஆபீஸில் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பேரையும் சொல்லிவிட்டேன். நாக்கு ஒன்றும் அழுகிவிடவில்லை. தாலி ஏறி நாற்பத்தொன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் உங்கள் பேர் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்தது.

வாய்ச்சொல் போதாது, எழுத்து வேண்டும் என்றான். விதவைக் கஞ்சி எனக்குத் தொண்டையில் இறங்காது என்று சீட்டை அவன் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பயப்படாதீர்கள். சீட்டு இல்லாவிட்டாலும் தண்ணீர் தருகிறேன் என்று ஆக்னஸ் கொண்டுவருகிறாள். அவள் இன்னொன்றும் சொன்னாள். பிள்ளைகுட்டி இல்லாமல் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் அறுபது தாண்டியிருந்தால் இரண்டு பேருக்குமே சீட்டு உண்டாம். உங்கள் யோசனையெல்லாம் வீண்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் பினாயில் வாசம். இங்கே ஊரெல்லாம் இப்போது அந்த வாசம்தான், எனக்குத் தப்பாது. எழுத்தும் சரிந்து சரிந்து கிடக்கிறது. "இந்த வயிறு" என்றால் எந்த வயிறு? எங்கே படுத்துக்கொண்டு எழுதினீர்கள்? ராத்திரி சோறு இறங்கவில்லை எனக்கு. மறைக்காமல் எழுதுங்கள்.

மாடத்தி


திருச்செந்தூர்
1.7.1973

மாடத்தி,

உன் மூக்குக்குத் தப்ப முடியுமா! இங்கே ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக்கி வைத்திருக்கிறார்கள். அதில்தான் பதினேழு நாளாகக் கிடக்கிறேன். முதல் இரண்டு நாள் எனக்கு நினைவே இல்லை. பாட்டில் பாட்டிலாக உப்புத்தண்ணீர் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். வயசாளிகளுக்குத் தனி வரிசை, தனி ஆள். பெற்ற பிள்ளைகூட இப்படி மலஜலம் அள்ளிப் போடமாட்டான். உன் முதல் கடிதத்தை லாட்ஜ் ஆள் இங்கே கொண்டுவந்து கொடுத்தான். இப்போது எழுந்து உட்காருகிறேன்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னை உள்ளே சேர்க்கும்போது, நினைவு தப்புவதற்கு முன்னால், பஞ்சாயத்துக்காரர் ஒருவர் நோட்டோடு நின்று, "பெரியவரே, பொண்டாட்டி பிள்ளைன்னு யாரும் உண்டா?" என்று கேட்டார். "யாரும் இல்ல" என்றேன். நீ செய்தது தெரியாமல் வந்த பிழை. நான் தெரிந்தே சொன்னேன். உண்டு என்றால் உனக்குத் தந்தி போகும், நீ ஓடி வந்து இந்த நோயை வாங்கிக்கொள்வாய் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி வீம்பு. செத்த பிறகு தெரிந்து அழட்டும் என்று நினைத்தேன். படுத்துக்கொண்டு அதையே நினைத்து நினைத்து, என்னை எனக்கே பிடிக்காமல் போய்விட்டது.

நீ கேட்ட நாலு வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ரைட்டரிடம் கொடுத்து உன் சீட்டைத் திருத்திக்கொள். நீ மட்டும் வராதே. ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை என்னை வெளியே விடுகிறார்கள். யாரும் இல்லாத வயசாளிகளை ஒரு விடுதிக்கு அனுப்புகிறார்கள், போய்விடுகிறேன். உன் முகத்தில் விழிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

சிவசுப்பிரமணியன்


உ
சிப்பிவிளை
5.7.1973

அத்தான்,

படித்தேன், அழுதேன். பிறகு கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

வாய் தவறி உங்களைச் சாகடித்ததற்கு நான் பஞ்சாயத்துக்கு நடையாய் நடந்தேன். நீங்கள் நல்ல நினைவோடு என்னை இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். செத்த பிறகு அழட்டுமாம்! உயிரோடு இருக்கிற மனுஷருக்காக ஏழு வருஷம் அழுதிருக்கிறேன், அது போதாதா உங்களுக்கு? பொல்லாத மனுஷர்.

கையெழுத்தைக் காட்டியதும் அருமைநாயகம் "விதவை" என்பதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டான். இரண்டு பேருக்கும் புதுச் சீட்டு எழுதி வைத்திருக்கிறான். உங்கள் சீட்டை ஆளைக் கண்ணால் பார்க்காமல் தரமாட்டானாம், பாவம், ஒரு தடவை பட்டது போதும் என்கிறான். ஆக்னஸ் எனக்கு இரண்டாவது ஊசியும் போட்டுவிட்டாள். கை வீங்கி ஒரு நாள் காய்ச்சலில் கிடந்தேன், இப்போது சரியாகிவிட்டது. ஊசி போட்ட சீட்டைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டேன், எல்லையில் யாரும் என்னைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். வராதே என்று மறுபடி எழுதவேண்டாம், அது வந்து சேரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன். எந்த விடுதிக்கும் போகிறேன் என்று எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அந்த நோட்டுக்காரர் அங்கேதான் இருப்பார். அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். உங்களைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்றும் சொல்லமாட்டேன். உங்கள் கட்டில் பக்கத்தில் வந்து வாயை மூடிக்கொண்டு நிற்பேன். "இந்த ஆச்சி யாரு?" என்று அவர் உங்களைத்தான் கேட்பார்.

நான் யார் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

மாடத்தி