பாட்டு வரும், பேச்சு வராது

செப்டம்பர் 8, திங்கள்

சிலிண்டர் ஏஜென்சியிலிருந்து போன். எடுக்கவே கூடாது என்று இருந்தேன், எடுத்துத் தொலைத்தேன். "ஹ... ஹெ... ஹெல..." அவ்வளவுதான் வந்தது. ஹெலன்னு சொந்தப் பேர் கூட முழுசா வரல. அந்த ஆள் பயந்துபோய், "அழாதீங்கக்கா, இன்னிக்கே அனுப்பிடறேன்" என்றான். சாயங்காலம் சிலிண்டரும் வந்துவிட்டது. அழாமலே அழுது சிலிண்டர் வாங்கினவள் பொன்னேரியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்தத் தொண்டையோடு இது ரெண்டாவது வருஷம். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். கட்டி இல்லை, புண் இல்லை. மூளை தப்புத் தப்பாக ஆர்டர் போடுகிறது, பேசும்போது குரல் நாண் இறுகிக்கொள்கிறது என்றார். பேர் ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியா. இருக்கிற குரலில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கும்மிடிப்பூண்டி வண்டி போய்விடும். சிரித்தால் வரும், பாடினால் வரும், பேசினால் மட்டும் அடைத்துக்கொள்ளும். அடியோடு குணமாக வழி இல்லை. கழுத்தில் ஊசி போட்டால் சில மாசம் இளகும், அப்புறம் திரும்பவும் போட வேண்டும். கழுத்தில் ஊசியா? அன்றைக்கு எழுந்து வந்தவள்தான்.

செப்டம்பர் 10, புதன்

கம்பெனியில் எல்லாரும் டாக்டர். என் லைனில் வயர் கட்டுகிற லோகு மிளகை வாயில் அடக்கச் சொல்கிறான். ஷிப்ட் சூப்பர்வைசர் மோகன்ராஜ் சார், மனசில் ஏதோ பாரம் என்கிறார். பாரம் அவர்தான். அதைச் சொல்லவும் குரல் இல்லை.

எனக்கு வைத்தியமே சொல்லாத ஒரே ஆள் கேன்டீன் கன்னியம்மா அக்கா. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாடியே சர்க்கரை கம்மியாக டீ வந்துவிடும். ஆனால் அக்கா குரல் ஆடி மாசத்திலிருந்து கரகரவென்று இருக்கிறது. வாயில் எப்போதும் புகையிலை வேற, அவள் பாஷையில் பொயல. ரெண்டு மூணு வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் யாராக இருந்தாலும் உள்ளே பார்த்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வாக்கா என்று எழுதிக் காட்டினேன். ஆயுத பூஜை வேலை முடியட்டும், அதுக்கு அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

செல்வி அண்ணி, அதாவது என் வீட்டுக்காரர் ஸ்டீவனின் அக்கா, என்னை ஆர்.கே.பேட்டை பக்கம் ஒரு வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனாள். போன மாசம் ஜெப எண்ணெய், இந்த மாசம் லேகியம். அண்ணிக்கு மதபேதம் கிடையாது.

அந்த ஆள் தொண்டையைப் பார்க்கவே இல்லை. நாடியைப் பிடித்தார், கண்ணை மூடினார், "சூடு" என்றார். கந்தக பூமி மாதிரி கொளுத்துகிற வெயிலில் ரெண்டு பஸ் மாறி வந்தவளுக்குச் சூடு இல்லாமல் என்ன இருக்கும்? அப்புறம் என்னைப் பேசச் சொல்லி செல்போனில் வீடியோ எடுத்தார். குணமான பிறகு ஒப்பிட்டுப் பார்க்கவாம். நானும் திக்கி முக்கி ஊர், பேர் எல்லாம் சொன்னேன். எனக்கு ஏன் அறிவு இல்லை?

செப்டம்பர் 16, செவ்வாய்

லேகியம் புளியையும் கிரீஸையும் சேர்த்துப் பிசைந்த ருசி. குரல் அப்படியே இருக்கிறது. வயிறுதான் நன்றாகப் பேசுகிறது. மீதியை டிரெய்னேஜில் கொட்டிவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கம்பெனியில் ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் பொட்டு, மாலை. ஃபோர்க்லிஃப்டுக்கு வாழைக்கன்று கட்டினதில் டிரைவருக்கு வழியே தெரியவில்லை. லைனுக்கு ஒருத்தர் பாட வேண்டும் என்று மோகன்ராஜ் சார் சொன்னதும் என் லைன் மொத்தமும் என்னைப் பிடித்துத் தள்ளியது. சர்ச் கொயரில் பாடுகிறவள் அம்மன் பாட்டுப் பாடினால் யார் கேட்கப் போகிறார்கள், பாடினேன்.

வந்தது! ஒரு இடத்தில் கூட அடைக்கவில்லை. பாடுகிற வரைக்கும் நான் பழைய ஹெலன். எனக்கே கண்ணில் தண்ணி வந்துவிட்டது. இறங்கி வந்ததும் யாரோ "சூப்பர்க்கா" என்றார்கள். "தேங்க்ஸ்" சொல்லப் போனால் "தே" என்று நின்றுவிட்டது. எல்லார் கண்ணும் பொரி மேல், யாரும் கவனிக்கவில்லை.

லோகு எடுத்த வீடியோவைச் சந்தோஷத்தில் குடும்ப குரூப்பில் போட்டேன்.

அக்டோபர் 4, சனி

ஆஸ்பத்திரிக்குப் போகப் பொன்னேரி ஸ்டேஷனில் காத்திருந்தேன். கன்னியம்மா அக்கா வரவில்லை. போனும் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் என்னத்தைப் பேசியிருப்பேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

அண்ணி ஒரு வீடியோ அனுப்பினாள். முதலில் நான் திக்குகிறேன். அப்புறம் நான் பாடுகிறேன். நடுவில் லேகிய டப்பா சுற்றுகிறது. "ரெண்டே வாரத்தில் பேசும் குரல்!" அண்ணிதான் பெருமையாகப் பூஜை வீடியோவை வைத்தியருக்கு அனுப்பியிருக்கிறாள். கேட்டால், பேசினதும் நீதானே, பாடினதும் நீதானே, இதுல இன்னா பொய்யி என்கிறாள். தனித்தனியா எல்லாம் உண்மைதான். அதான் பேஜாரு.

அக்டோபர் 6, திங்கள்

கேன்டீனில் டீ பாய்லர் பின்னாடி அதே லேகிய டப்பா.

அக்கா, இது வேணாம், ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு சொல்ல வாயைத் திறக்கிறேன், "அ... அ..."ன்னு முக்குறேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா கத்தி வெப்பான். வீடியோவும் பாத்தேன், நீ பாடினத்த என் கண்ணாலயும் பாத்தேன் மே. என்னாண்ட மட்டும் இன்னாத்துக்கு நடிக்கிற?"

நடிக்கிறேனா? நானா? எழுதிக் காட்டினேன். கண்ணாடி கொண்டு வரலைன்னு பேப்பரைத் தள்ளிட்டா. வைத்தியன் பொய் சொன்னது கூடப் பெரிசா தெரியல. அக்கா அப்படிக் கேட்டதுதான் நெஞ்சுல நிக்குது. அவ தொண்டையில எதுனா இருந்து, என் பாட்டைக் கேட்டு அவ வீட்டுல உக்காந்துட்டா? கர்த்தரே, நான் பாடாமயே இருந்திருக்கலாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

வீடியோவை எடுக்கச் சொல்ல வைத்தியனுக்கு நானே போன் பண்ணினேன். முதல் எழுத்து முடிவதற்குள், "சரிங்கம்மா, டோஸைக் கூட்டிக்குங்க" என்று வைத்துவிட்டான்.

மோகன்ராஜ் சாரும் வீடியோ பார்த்தாராம். குணமாகிவிட்டதால் வியாழக்கிழமை காலையில் பாதுகாப்பு உறுதிமொழியை நான்தான் படிக்க வேண்டுமாம். முடியாது என்று சொல்லத்தான் போனேன். மைக், மொத்த ஷிப்ட், கேன்டீன் ஆளுங்களும் அங்கேயேதான் நிற்பார்கள். கன்னியம்மா அக்காவும் கேட்பாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

எல்லாரும் வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். நான் ஒரு வரி சொன்னால் அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். "நான்" வந்தது. "பணியிடத்தில்" வரவில்லை. "ப... ப..." கழுத்தை யாரோ பிடித்து நெரிக்கிற மாதிரி. பின்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். மோகன்ராஜ் சார் மைக்குக்குக் கையை நீட்டினார், நான் தரவில்லை.

அதே உறுதிமொழியை அம்மன் பாட்டு மெட்டில் பாடினேன். தலைக்கவசம் அணிவேன், ஓடும் மெஷினில் கை வைக்க மாட்டேன், எல்லாம் கணீரென்று வந்தது. பழக்க தோஷம், மொத்தக் கூட்டமும் கையைத் தூக்கினபடி திருப்பிப் பாடிவிட்டது! பாதுகாப்பு ஆபீசர் முகத்தைப் பார்க்கணுமே, சாமி வந்த வீட்டில் மாட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தது.

பாட்டை நிறுத்திவிட்டுப் பேசினேன். திரும்பவும் அதே அடைப்பு. கன்னியம்மா அக்காவைப் பார்த்தே சொன்னேன்.

"இ... இதான்... என் வி... வியாதி. பா... பாட்டு வரும். பே... பேச்சு வராது. லே... லேகியத்துக்கு முன்னாடியும் இப்... இப்படித்தான்."

இதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமானதோ. நடுவில் சங்கு ஊதியது, ஒருத்தரும் லைனுக்குப் போகவில்லை. இத்தனை பேர் முன்னாடி இந்தக் குரலை நான் திறந்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. பாதியிலேயே அந்த வெட்கமும் போய்விட்டது.

டீ வேளையில் அக்கா டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"அப்ப எனுக்கு இன்னா மே?"

"தெ... தெரியாதுக்கா. அ... அதைத்தான் பாக்கணும்."

"சனிக்கெழம வரேன். அங்க நீ பேசாத, நான் பேசிக்கிறேன்" என்றாள், அந்தக் கரகரக் குரலில்.

அக்டோபர் 11, சனி

டாக்டரம்மா அக்காவுக்குக் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் வெள்ளையாக ஏதோ இருக்கிறதாம், துளி எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமாம். திரும்பி வருகிற ரயிலில் அக்கா மீஞ்சூர் தாண்டினதும் பொயலப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக வீசினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா திட்டினாள், ரயில்வே அபராதம் போடும் என்று.

அக்டோபர் 24, வெள்ளி

கேன்சர்.

ஆரம்பம்தான், கரண்டு, அதாவது ரேடியேஷன், வைத்தால் சரியாகும், குரலும் பெரும்பாலும் தப்பிக்கும் என்றார் டாக்டரம்மா. இன்னும் சில மாசம் விட்டிருந்தால் இந்தப் பேச்சே வேறு என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், வளையல் அழுந்தி வலித்தது, நான் இழுக்கவில்லை.

அக்டோபர் 25, சனி

அண்ணியிடம் சொன்னேன். முதலில் அழுதாள். அப்புறம் வைத்தியனுக்குப் போன் போட்டாள். அவள் பேசினதை இங்கே எழுத முடியாது, பைபிள் இருக்கிற அலமாரியில்தான் இந்த நோட்டும் இருக்கிறது. மத்தியானத்துக்குள் வீடியோவைக் காணோம். அண்ணி தொண்டைக்கு ஒரு லேகியமும் தேவையில்லை.

அக்கா டப்பாவைத் தூக்கிப் போடவில்லை. கழுவிச் சீரகம் போட்டு வைத்திருக்கிறாள்.

ஜனவரி 6, செவ்வாய்

கழுத்தில் ஊசி போட்டுக்கொண்டேன். இத்தனை நாள் பயந்தது வீண். இப்போதைக்கு வெறும் காத்துதான் வருகிறது, கொஞ்ச நாளில் குரல் ஏறுமாம், அப்புறம் இறங்குமாம், அப்புறம் இன்னொரு ஊசி. குணமாகிவிட்டதா என்று மோகன்ராஜ் சார் கேட்டார். வாடகைக்கு எடுத்திருக்கிறேன் சார் என்றேன்.

ஜனவரி 18, ஞாயிறு

கன்னியம்மா அக்கா போன் பண்ணினாள். முதல் மணியிலேயே எடுத்தேன். கரண்டு வைத்தது எல்லாம் முடிந்து வீட்டில் இருக்கிறாள். தொண்டை வெந்துபோய் அவளுக்கும் காத்துதான் வருகிறது. கேன்டீனில் புதுசாக வந்தவள் டீயில் சர்க்கரையைக் கொட்டுகிறாள் என்று புகார் சொன்னேன். தான் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பாதி அவளுக்குக் கேட்கவில்லை, பாதி எனக்குக் கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் ரெண்டு பக்கமும் நன்றாகக் கேட்டது.

ஸ்டீவன் எட்டிப் பார்த்து, "இன்னா ரெண்டு பேரும் போன்ல ஊதிக்கினே கீறீங்க?" என்றார்.

அடுப்பு மஞ்சளாக எரிகிறது, கேஸ் தீரப் போகிறது. நாளைக்கு சிலிண்டருக்கு நானே போன் பண்ண வேண்டும்.