என் தோட்டத்து வாழைக்கன்றுகளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பாதிருக்க வேண்டுவது

அனுப்புநர்:
பெ. அழகிரி,
வாழை விவசாயி,
மேலக்கரைப்பட்டி, முசிறி தாலுகா.

பெறுநர்:
மாவட்ட கலெக்டர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: சர்வதேச விவசாயத் தகவல் பரிமாற்றத்தின் பேரில், நோய் பிடித்த என் தோட்டத்திலிருந்து இருநூறு கன்றுகள் இலங்கைக்குப் போக இருப்பது – தடுத்து உத்தரவிடக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் ஒன்றரை ஏக்கர் ரஸ்தாளியில் 1960 ஆடியில் வாடல் நோய் விழுந்தது. எங்கள் பகுதி விவசாய அலுவலரிடம் மூன்று முறை போய் வழி கேட்டேன். மூன்று முறையும் அவர் என் விவரங்களை எழுதிக்கொண்டார். விவரம் கொடுத்ததில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

2. அந்தக் கார்த்திகையில் வெளிநாட்டு நிபுணர்கள் ஐவர் வருவதாகவும், பஸ் ரோட்டை ஒட்டியிருப்பதால் என்னுடையதே முன்மாதிரித் தோட்டம் என்றும் தெரிவித்தார்கள். வேறு தகுதி அதற்கு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். நிபுணர்கள் வந்த அன்று காலை ஸ்ரீரங்கத்திலிருந்து ஜீப்பில் பதினோரு வாழைத்தார்கள் வந்தன. ஒரு கல்யாணப் பந்தலுக்கு உரியவை, மதியத்துக்குள் திரும்ப வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். அவற்றை என் மரங்களில் நாரால் கட்டியவன் நானேதான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. நிபுணர்கள் படம் பிடித்து, இளநீர் குடித்து, கை குலுக்கினார்கள். நோயைப் பற்றிக் கேட்டேன். மொழிபெயர்த்தவர் என்ன சொன்னாரோ, மறுபடியும் கை குலுக்கினார்கள்.

3. அந்தப் படம் ஐரோப்பாவில் அச்சாகி, வாடல் நோயை வென்ற விவசாயி என்ற பட்டத்தோடு தேசம் தேசமாகப் போயிருக்கிறது. அதைப் பார்த்து யாழ்ப்பாணம் நீர்வேலியில் இளையதம்பி என்ற வாழை விவசாயி எழுதியிருக்கிறார். அக்கம்பக்கத்துத் தோட்டமெல்லாம் நோயில் போய்விட்டதாம். இரண்டு வருஷமாகக் கல் உடைத்துத் திருத்திய தன் புது நிலத்தில் என் கன்றைத்தான் வைப்பாராம். தமிழில் எழுதிய அந்தக் கடிதம் இங்கிலீஷாகி, ஐரோப்பா போய், டில்லி, சென்னை வழியாக மறுபடி தமிழாகி, ஐந்து மாதம் கழித்து என்னிடம் வந்தது. தமிழாக்கம் எனக்கு விளங்கவில்லை. நல்ல வேளை, அசலும் பின்னால் குத்தியிருந்தது. கூடவே, இருநூறு கன்று அனுப்பச் சொல்லி உத்தரவும் இருந்தது.

4. கன்றைப் பார்த்தால் நோய் தெரியாது ஐயா. நட்டு ஐந்தாறு மாதம் கழித்துத்தான் இலை மஞ்சளாகும். அதற்குள் மண்ணே கெட்டுவிடும். இதைச் சொன்னதற்கு, தோட்டம் செழிப்பாக இருப்பதாகவே பதிவு என்றார் அலுவலர். வந்து பாருங்கள் என்றேன். நிபுணர்கள் பார்த்துவிட்டதை அவர் மறுபடி பார்க்க விதி இல்லையாம். வரும் 20-ம் தேதி போட் மெயில் ரயிலில் கன்றுகளை ஏற்றுகிறார்கள். நோய் கண்ட கிழங்கு ஒன்றைக் குறுக்கே வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். உள்ளே ஓடும் சிவப்புக் கோடுகளைத் தாங்களாவது பார்க்க வேண்டும்.

5. மனது கேட்காமல், கன்றை வாங்காதீர்கள் என்று இளையதம்பிக்கு நானே தபால் போட்டேன். அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்குத் தகவல் கொடுத்தது குற்றமானால் தண்டனைக்குச் சம்மதம். ஒன்பதாம் நாள் பதில் வந்துவிட்டது. அரசாங்க முத்திரையோடு அச்சான படத்தில் தார்களைக் கண்ணால் கண்டிருக்கிறாராம். கன்று கொடுக்க மனமில்லையென்றால் நேராகச் சொல்லியிருக்கலாம் என்று வருத்தப்பட்டிருக்கிறார்.

ஆகவே கன்றுகளை நிறுத்தி உத்தரவிடுவதோடு, அழகிரி சொல்வது உண்மை என்று ஒரு வரி எழுதி, தங்கள் முத்திரையைக் குத்தி இளையதம்பிக்கு அனுப்ப வேண்டுகிறேன். வெறும் கையெழுத்தை அவர் நம்ப மாட்டார். இருநூறு குழியும் வெட்டி, எரு போட்டு வைத்திருக்கிறாராம்.

மேலக்கரைப்பட்டி,
9-2-1962.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
பெ. அழகிரி