மூக்கு வடித்த பெட்டி

அன்புள்ள மச்சாள்,

நேற்று எங்கள் வீட்டு ஏசியைத் திருத்த ஒரு தம்பி வந்தான். முன்மூடியைக் கழற்றி உள்ளே இருந்த வலையை வெளியே இழுத்தானோ இல்லையோ, ஈரத்தூசியும் பூசணமும் கலந்த அந்த மணம் அறை முழுக்கப் பரவியது. அவன் மூக்கைப் பொத்தினான். நான் கதிரையில் இருந்தபடி சிரிக்கத் தொடங்கிவிட்டேன். "என்ன அன்ரி சிரிக்கிறியள்?" என்று கேட்டான். அவனுக்கு எங்கே தொடங்கிச் சொல்வது? போன மாசியில் நீங்கள் கண்மூடிய பிறகும், எதற்குச் சிரித்தாலும் உங்களிடம் சொல்லத்தான் முதலில் வாய் வருகிறது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நீங்களும் அண்ணையும் கொழும்பு வீட்டை இழந்து, உடுத்த உடுப்போடு எங்கள் இணுவில் வீட்டுக்கு வந்தீர்கள். அண்ணையைக் கட்டிய நாளிலிருந்து அங்கேயே இருந்தவர் நீங்கள். எங்களுக்கு அதுவரை கலியாண அல்பத்தில் பார்த்த முகம்தான். சில மாதம் கழித்து அண்ணை போய்ப் பார்த்தபோது, அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது சன்னலில் பொருத்தியிருந்த பழைய ஏசிப் பெட்டி ஒன்றுதான். கட்டில், கதிரை, கறிச்சட்டி வரை கொண்டுபோனவர்களுக்கு அதை மட்டும் சுவரிலிருந்து பிடுங்க முடியவில்லையாம். அண்ணை அதை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

ஊரிலேயே ஏசி வைத்த வீடு என்று எங்களுக்கு ஒரே எடுப்பு. பெட்டியோ சரியான நோயாளி. மேசன் அதை உள்பக்கம் சரித்துப் பொருத்திவிட்டார்; தண்ணீர் கட்டிலில் சொட்டியது. "உந்தப் பெட்டிக்கு என்ன பிள்ளை, தடிமனோ? மூக்கு வடியுது" என்றார் அம்மா. நீங்கள்தான் உள்பக்கம் ஒரு பலகைத் துண்டை அண்டை கொடுத்து வெளியே சரித்தீர்கள். அதன் பிறகு அந்தத் தண்ணீரில் கறிவேப்பிலை தழைத்தது. வலையில் தூசி அடைத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று ஐஸ் கட்டிக் காற்றே வராது. அதை நிறுத்தி உருகவிட்டு, வலையைக் கிணற்றடியில் கழுவிக் காயவைப்பீர்கள். தோட்டக்காரர் வெங்காயத்துக்கு இறைக்க மோட்டார் போட்டால் கரண்ட் இறங்கிவிடும். பெட்டி உறுமுமே தவிரக் குளிராது. "வெங்காயம் குடிச்சு முடியட்டும், பிறகு நாங்கள் குளிருவம்" என்பீர்கள்.

இப்படிப் பகிடி விட்டாலும் உங்கள் முகத்தில் சிரிப்பு நிலைத்ததில்லை. அம்மா உங்களை அடுக்களைக்குள் விடுவதில்லை. "விடுங்கோ பிள்ளை, நான் பாக்கிறன்" என்பார். மரியாதைதான், ஆனால் விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை. என் கலியாணம் நெருங்கிய நேரம் கிணற்றடியில் வைத்துச் சொன்னீர்கள்: "விருந்துக்கு வந்தவை எத்தினை நாளைக்கு இருக்கிறது மச்சாள்? உங்கடை கலியாணம் முடிய நான் கொழும்புக்கே போகப்போறன். போக முதல் உங்களுக்கு ஒரு கேக் அடிச்சுத் தாறன்."

அந்த வீட்டில் நான் வாய்விட்டுக் கதைத்த ஒரே ஆள் நீங்கள்தான்.

கேக் என்றதும் அம்மா துள்ளி எழும்பினார். "கலியாண வீட்டிலை முட்டையோ!" பிறந்த நாளிலிருந்து முட்டை தொடாத மனுஷி அவர். ஒருவழியாக, கேக் கலியாணத்துக்கு நாலாம் நாள் வைக்கிற நாலாம் சடங்குக்கு என்று தீர்ந்தது. அன்றைக்கு எப்படியும் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆடு காய்ச்சத்தானே வேண்டும். அதுவும் வளவின் மூலையில், வேறு அடுப்பில், வேறு சட்டியில்.

அந்தச் சித்திரை வெயிலில் பட்டர் ஐசிங் எங்கே நிற்கும்? ஏசி அறைக்குள் கதவைச் சாத்தி, மூன்று தட்டுக் கேக்குக்கு நீங்கள் பூ வைத்தீர்கள். பெட்டியும் அன்றைக்கு மானம் காத்தது. ஐசிங் கல்லுப்போல நின்றது. ஆறுதலாக முழுகிவிட்டு வரப் போனீர்கள்.

ஆடு காய்ச்சும் மணம் போகவேண்டுமே. வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டிக்கொண்டு வந்த அம்மா, ஏசி அறையை எட்டிப் பார்த்திருக்கிறார். அந்தப் பூசண மணம்! சம்பந்தி வீட்டார் வந்து மூக்கைச் சுளித்தால் மருமகளான உங்களுக்கு அல்லவா வெட்கம்? தணற்சட்டியைப் பெட்டிக்கு நேரே வைத்து, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, குளிர் போகாமல் கதவையும் பக்குவமாகச் சாத்திவிட்டார்.

நீங்கள் வந்து கதவைத் திறந்தபோது அறைக்குள் புகைமூட்டம். பெட்டி அந்தப் புகையையே இழுத்து இழுத்துத் திரும்ப ஊதிக்கொண்டிருந்தது. ஐசிங்கில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தீர்கள். "கோயில் மூலஸ்தானத்தை நக்கினமாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு நிலத்தில் குந்தியிருந்து அழுதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் படலையடியில் வந்துவிட்டார்கள். அம்மா வாசலில் சட்டியோடு நின்றார். அவர் முகம் அப்படிக் கறுத்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

கேக் வெட்டியாயிற்று. என் மாமியார் ஒரு துண்டை வாயில் வைத்தவர் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்போதுதான் அம்மா முன்னால் வந்தார். உங்கள் கையிலிருந்த துண்டை வாங்கி, எல்லாரும் பார்க்க வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"அம்மா, முட்டை!" என்று அண்ணை கத்தியே விட்டார்.

"சாம்பிராணி காட்டியாச்சு. இனி உது சைவம்" என்றார் அம்மா. பிறகு உங்களைப் பார்த்து, "நல்லாய்த்தான் இருக்கு பிள்ளை. இன்னொரு துண்டு தா" என்றார்.

முதலில் சிரித்தது என் மாமியார். பிறகு வீடே சிரித்தது. நீங்கள் அழுதுகொண்டே சிரித்தீர்கள். அன்று வரை வாங்கோ, போங்கோ என்று உங்களோடு கதைத்த அம்மா "தா" என்று கேட்டதை நாங்கள் இருவரும்தான் கவனித்தோம்.

அண்ணைக்குக் கொழும்பில் வேலை கிடைத்தபோது, "நீங்கள் போட்டு வாங்கோ, நான் மாமியோடை நிக்கிறன்" என்றீர்கள். தொண்ணூறில் சண்டையால் கரண்ட் நின்று அந்தப் பெட்டிக்குள் கோழி அடைகிடந்த காலத்திலும், அம்மாவின் அடுக்களையில் பாதி உங்களுடையதாகவே இருந்தது.

போன கிழமை என் புது மருமகள், மட்டக்களப்புப் பிள்ளை, எங்கள் வீட்டில் முதல் தடவையாகச் சொதி வைத்தாள். உப்பை அள்ளிக் கொட்டியிருந்தாள். மகன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். அவள் முகம் விழுந்துவிட்டது. என் கை தானாக நீண்டது. "இன்னும் கொஞ்சம் விடு பிள்ளை" என்றேன். அவள் என்னை நம்பவில்லை, ஆனாலும் சிரித்தாள்.

இனி அவள் எங்கும் போகமாட்டாள், மச்சாள்.